சிவப்பு மதுவுக்குப் பதில் தென்னங்கள்

வெள்ளிக்கிழமை, மாலை

கோலாலம்பூரிலிருந்து காலை பதினொன்றரைக்குக் கிளம்பிய மின்ரயில் நான்கு மணிக்குச் சற்று முன்னால் பட்டர்வொர்த்தில் என்னை இறக்கிவிட்டது. மார்ச் மாதம். பினாங்கில் இதுதான் வெயில் காலம். ரயில் நிலையத்திலிருந்து படகுத் துறைக்குக் கூரை போட்ட நடைபாலம் இருப்பதால் பெட்டியை உருட்டிக்கொண்டே போய்விட முடிந்தது. படகுக் கட்டணம் இரண்டு வெள்ளி. மலேசியத் தமிழர்கள் ரிங்கிட்டை வெள்ளி என்றுதான் சொல்கிறார்கள். நானும் இங்கே அப்படியே எழுதுகிறேன்.

கடலைக் கடக்கக் கால் மணி நேரத்துக்குக் கொஞ்சம் கூடுதலாக ஆகிறது. படகு நகர்ந்ததும் ஜார்ஜ் டவுன் மெல்ல உயர்ந்து வந்தது. முதலில் மலை, பிறகு கொம்தார் கோபுரம், கடைசியாகக் கரையோரத்து ஓட்டுக் கூரைகள். பக்கத்தில் நின்ற தமிழ்ப் பெண் ஒருவர் என் பெட்டியைப் பார்த்துவிட்டு, "மொத தடவையா அக்கா? முன்னால போய் நில்லுங்க, இஞ்ச எஞ்சின் சூடு" என்று இடம் காட்டினார். பினாங்கில் நான் கேட்ட முதல் தமிழ் இது.

துறையில் குணசேகரன் காத்திருந்தார். இரண்டு வருடங்களுக்கு முன் தஞ்சாவூர் போகும் ரயிலில் எனக்கு எதிர் இருக்கையில் வந்தவர். கோவில் பார்க்க வந்த மலேசியர். அன்று பேசிய பேச்சில், "பினாங்கு வந்தா நம்ம வீடுதான் அக்கா" என்று சொல்லிவிட்டு இறங்கினார். பலரும் சொல்வதுதான். இவர் அதன் பிறகு மூன்று தடவை நினைவூட்டினார்.

குணாவுக்கு நாற்பது வயதிருக்கும். சுங்கை பாக்காப் பக்கத்துத் தோட்டத்தில் பிறந்து, தீவுக்கு வந்து, பாயான் பாருவில் மின்னணுத் தொழிற்சாலை ஒன்றில் தரப் பரிசோதனை மேற்பார்வையாளராக இருக்கிறார். மனைவி மெய் லிங் சீனப் பெண். அதே தொழிற்சாலையில் தமிழ்ப் பெண்களோடு ஒரே வரிசையில் உட்கார்ந்து வேலை செய்தே தமிழ் கற்றுக்கொண்டவர்.

காரில் போகும்போது குணா விஷயத்தைச் சொன்னார். மறுநாள் அவருடைய மாமனாருக்குப் பிறந்தநாள். ஓய்வு பெற்ற பேருந்து ஓட்டுநர், நகரத்தில் தனியாக இருக்கிறார். ஐந்து மாதத்துக்கு முன் மனைவி இறந்ததிலிருந்து யார் வீட்டுக்கும் சாப்பிடப் போவதில்லை. சீனப் புத்தாண்டுக்குக்கூட மகள் வீட்டுக்கு வரவில்லை.

"இந்த வாட்டி சரின்னுட்டாரு அக்கா. ஒரே ஒரு கண்டிஷன். அத்த போட்ட அங் சியூல செஞ்ச கோழி வேணும்."

அங் சியூ என்பது சிவப்பு அரிசி மது. மெய் லிங்கின் குடும்பம் சித்தியவானிலிருந்து வந்த ஃபூச்சோவ் சீனர்கள். அவர்கள் வீட்டில் பிறந்தநாள் என்றால் இஞ்சியும் நல்லெண்ணெயும் இந்த மதுவும் சேர்த்து வேகவைத்த கோழி, அதோடு மீ சுவா என்ற தலைமுடி போல் மெல்லிய கோதுமைச் சேமியா, ஓர் அவித்த முட்டை. சேமியாவை உடைக்காமல் பரிமாற வேண்டும், அது நீண்ட ஆயுளுக்கு. மது வீட்டில் ஊறியதாக இருக்க வேண்டும். மாமியார் கடைசியாக ஊற வைத்ததில் ஒரே ஒரு பாட்டில்தான் மிச்சம்.

"பத்திரமா இருக்கு. மூடி லூசா கெடந்துச்சு. போன வாரம் நான்தான் நல்லா இறுக்கி வெச்சேன்" என்றார் குணா. நானும் நல்ல காரியம் என்று தலையாட்டினேன்.

சனிக்கிழமை, காலை

ஆறரை மணி இருக்கும். சமையலறையிலிருந்து சைக்கிள் டயர் வெடித்தது போல ஒரு சத்தம். நான் போய்ப் பார்த்தபோது மெய் லிங் வாசலிலேயே நின்றிருந்தார். அலமாரிக் கதவு திறந்து கிடந்தது. சுவரிலும் அரிசி டப்பா மேலும் கூரை விசிறியின் இறக்கை ஒன்றிலும் சிவப்பு வழிந்துகொண்டிருந்தது. வீடு முழுக்கப் பழுத்த பழமும் புளித்த மாவும் கலந்த ஒரு வாசம், நல்ல வாசம்.

"யார் மூடுனா?" என்றார் மெய் லிங், திரும்பாமலே.

குணா துடைக்க ஒரு துணியைத் தேடினார்.

"அம்மாதான் லூசா வெச்சது லா குணா. அடியில இன்னும் சக்க இருக்கு. அது மூச்சு விடணும்."

"தெரியும்" என்றார் குணா. "எங்கப்பா கள்ளு பாட்டிலுக்கு மூடியே போட மாட்டாரு. பேப்பர சுருட்டித்தான் அடைப்பாரு. அதப் பாத்து வளந்தவன் நான். ஃபேக்டரில நாள் முழுக்க மெஷின் மூடி லூசா இருக்கான்னு பாத்துப் பாத்து, கை தானா போயிருச்சு."

மெய் லிங் கண்ணாடிச் சில்லுகளைப் பொறுக்கத் தொடங்கினார். ஒரு பெரிய சில்லில் ஒரு வாய் அளவு மது தேங்கியிருந்தது. அதைக் கீழே ஊற்றாமல் அப்படியே பிடித்துக்கொண்டு கொஞ்ச நேரம் நின்றார். பிறகுதான் குப்பைத் தொட்டியில் போட்டார்.

"பாவுக்கு போன் பண்ணி வேணாம்னு சொல்லிடவா?" அப்பாவை அவர்கள் பா என்றுதான் அழைக்கிறார்கள்.

"இன்னிக்கு வேணாம்னா அப்புறம் அவர் வரவே மாட்டாரு" என்றார் குணா.

அது மூன்று பேருக்கும் தெரிந்தது. ஒரு கோழிக் குழம்பு இல்லாமல் போவதல்ல விஷயம். ஐந்து மாதமாகத் தனியாகச் சாப்பிடும் ஒரு மனிதர் வருவதாக ஒப்புக்கொண்டதே அந்த பாட்டிலை நம்பித்தான்.

சுவரைத் துடைத்து முடித்ததும் மெய் லிங்குக்கு ஒன்று நினைவு வந்தது. குளிர்பெட்டியின் உறைபகுதியில் ஒரு சின்ன ஜாடி. மது வடித்த பிறகு மிஞ்சும் சிவப்புச் சக்கை, குங்குமத்தைக் குழைத்து வைத்தது போல. அங் சாவ் என்கிறார்கள். அதுவும் அம்மா எடுத்து வைத்ததுதான். நிறமும் வாசமும் பாதி இதிலேயே இருக்கிறது. ஆனால் கோழி வேக ஒரு மது வேண்டும். எந்த மது என்பதுதான் கேள்வி.

சனிக்கிழமை, காலை ஒன்பது முதல் பகல் வரை

ஜார்ஜ் டவுனுக்குப் போனோம். பழைய கடைவீடுகளின் தெருக்களில் காலை நேரம் நடப்பது ஒரு சுகம். முன்வாசல் நடைபாதை கடை விட்டுக் கடை நிழலாகவே போகும், வெயில் மேலே படாது. சௌராஸ்தா சந்தையைச் சுற்றியுள்ள சீன மளிகைக் கடைகளில் மெய் லிங் பாட்டில்களை எடுத்து வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். இரண்டு வாங்கினார். ஒன்று மஞ்சள் அரிசி மது, சமையலுக்கென்றே விற்பது. இன்னொன்று தொழிற்சாலையில் அடைத்த சிவப்பு அரிசி மது, இருபத்தெட்டு வெள்ளி.

பசித்தது. கப்பித்தான் கெலிங் பள்ளிவாசல் சாலையில் நாசி கண்டார் சாப்பிடலாம் என்றார் குணா. கடைக்குள் நுழையும் முன் பாட்டில் பையைக் காரிலேயே வைத்துவிட்டு வந்தார். யாரும் சொல்லவில்லை. கடை தமிழ் முஸ்லிம்களுடையது, மேசைக்கு அந்தப் பை வரக்கூடாது என்பது இந்த ஊர்க்காரருக்குப் பழக்கத்திலேயே இருக்கிறது. ஒரு தெருவில் பள்ளிவாசல், கொஞ்சம் தள்ளிச் சீனக் கோவில், மாரியம்மன் கோவில் என்று நாம் படங்களில் பார்க்கிறோம். அவை எப்படி ஒன்றாக இருக்கின்றன என்பது இப்படிச் சின்ன விஷயங்களில்தான் எனக்குப் புரிந்தது.

சோற்றின் மேல் நாலு குழம்பைக் கலந்து ஊற்றிய கடைக்காரர், மெய் லிங்கின் முகத்தைப் பார்த்துவிட்டு, "என்னம்மா, சாப்பிடாம யோசன? வீட்டுக்காரரு என்ன ஒடைச்சாரு?" என்றார்.

"எப்படித் தெரியும் பாய்?"

"அவரு இன்னிக்கு மீன் தல கேக்கல. குத்தம் பண்ணவன்தான் சும்மா காய்கறி போதும்பான்."

காலையிலிருந்து மெய் லிங் சிரித்தது அப்போதுதான். குணாவும் மீன் தலை வாங்கிக்கொண்டார்.

வீட்டுக்குத் திரும்பியதும் சோதனை. மெய் லிங் மூன்று சின்னச் சட்டிகளில் இஞ்சியை நல்லெண்ணெயில் வதக்கி, சட்டிக்கு ஒரு கரண்டி சக்கை, இரண்டு துண்டு கோழி போட்டார். முதல் சட்டியில் மஞ்சள் மது. சமையலுக்கென்று விற்பதால் அதில் உப்பு கலந்திருக்கிறது. வேகவேக உப்பு ஏறிக்கொண்டே போனது. மணம் நன்றாக இருந்தாலும் சிவப்பு மங்கிப் பழுப்பாகி, சோயா சாறு ஊற்றியது போல முடிந்தது. இரண்டாவதில் கடைச் சிவப்பு மது. இதை நாங்கள் அதிகம் நம்பினோம். வெறும் இனிப்பு, அதற்கு மேல் ஒன்றுமில்லை. மூன்றாவதில் திராட்சை ஒயின். தொழிற்சாலை ஆண்டு விருந்தில் குணாவுக்குக் குலுக்கலில் விழுந்து, ஒரு வருடமாகத் திறக்காமல் இருந்த பாட்டில். அது கோழியைக் கத்தரிக்காய் நிறமாக்கியது. ஆட்டுக்கறிக்கு நன்றாக இருக்கலாம். கோழியில் துவர்ப்பு நாக்கில் ஒட்டிக்கொண்டு இஞ்சியோடு சண்டை போட்டது.

மூன்றையும் நானும் ருசி பார்த்தேன். மதுவை மாற்றினால் ருசி கொஞ்சம் மாறும் என்றுதான் அதுவரை நினைத்திருந்தேன். ஒரே கோழி, ஒரே இஞ்சி, மூன்று வேறு வேறு வீட்டுச் சமையலாக இருந்தது.

மெய் லிங் கரண்டியைக் கீழே வைத்தார். "அம்மாவோடது நாக்குல லேசா கடிக்கும் அக்கா. உயிரோட இருக்கற மாதிரி. இதெல்லாம் செத்துப்போனது."

குணா நாற்காலியிலிருந்து எழுந்தார். "உயிரோட இருக்கறது ஒண்ணு எனக்குத் தெரியும். எந்திரிங்க."

சனிக்கிழமை, பிற்பகல்

பாயான் பாருவிலிருந்து பத்து மௌங் என்ற ஊருக்குப் போய், தீவைப் பெருநிலத்தோடு இணைக்கும் இரண்டாவது பாலத்தில் ஏறினோம். இருபத்துநாலு கிலோமீட்டர் நீளம், அதில் பெரும்பகுதி கடலின் மேல். இரண்டு பக்கமும் தண்ணீர் வெள்ளித் தகடு போலக் கிடக்க, ஒரே நேராகப் போகும் சாலையில் காலம் நின்றுவிட்டது போலிருந்தது. அக்கரை சேர்ந்து சுங்கை பாக்காப்பைத் தாண்டியதும் எண்ணெய்ப்பனைத் தோட்டங்கள். அவற்றின் நடுவே ஒரு தகரக் கொட்டகை, நாலு பிளாஸ்டிக் மேசை, உரிமம் பெற்ற கள்ளுக்கடை. சீனர் இரண்டு பேரும் தமிழர் மூன்று பேரும் ஒரே மேசையில் உட்கார்ந்திருந்தார்கள்.

கடைக்காரர் குணாவைப் பார்த்ததும், "டேய், தீவுக்காரன் வந்துட்டான்டா. காடி நிறுத்த எடம் குடுங்க" என்றார். காரை இங்கே காடி என்கிறார்கள். பிறகு என்னைப் பார்த்துக் குரலைத் தாழ்த்தி, "அம்மா யாரு?" என்று கேட்டார்.

"தமிழ்நாட்டு அக்கா. ரெண்டு பாட்டில் கள்ளு குடுங்கண்ணே. இன்னிக்குக் காலையில எறக்குனது."

"குடிக்கவா, வேற எதுக்காவதா?"

"கோழிக்கு."

கொட்டகையே சிரித்தது. "கோழி குடிக்கிற அளவுக்கு தீவுல வசதி வந்துருச்சா?"

மெய் லிங் தமிழில், "எங்க அப்பாவுக்கு சமைக்கணும்ணே. புளிப்பு ஏறாததா குடுங்க" என்றதும் சிரிப்பு நின்றது. கடைக்காரர் உள்ளே போய் வேறொரு பானையிலிருந்து ஊற்றிக்கொண்டு வந்தார். காலை இறக்கிய தென்னங்கள் பகலில் புளிக்கத் தொடங்கி, மாலையில் கடுத்து, மறுநாள் வினிகராகிவிடும். அப்போது அது நடுவில் இருந்தது. இனிப்பு போகவில்லை, புளிப்பு வந்துவிட்டது, மேலே நுரை பொங்கிக்கொண்டிருந்தது. மெய் லிங் ஒரு வாய் பார்த்தார். கண்ணை மூடிக்கொண்டார்.

"கடிக்குது" என்றார்.

பாட்டில் ஐந்து வெள்ளி. கடைக்காரர் செய்தித்தாளைச் சுருட்டி வாயை அடைத்துக் கொடுத்தார். திரும்பும் வழி முழுக்க அவற்றை என் முழங்கால்களுக்கு நடுவில் நிறுத்திப் பிடித்துக்கொண்டு வந்தேன். பாலத்தில் ஒவ்வொரு இணைப்பைக் கடக்கும்போதும் நுரை எழும்பிக் காகிதத்தை நனைத்தது. கார் முழுக்கக் கள்வாசம்.

"போலீஸ் நிறுத்துனா என்ன சொல்றது?" என்று கேட்டேன்.

"மாமனாருக்குன்னு சொல்லுங்க அக்கா. கல்யாணமான போலீஸா இருந்தா விட்டுருவான்."

சனிக்கிழமை, மாலை

அளவுதான் இப்போது கேள்வி. கள் அங் சியூவை விட வலுக் குறைந்தது, புளிப்புக் கூடியது. மெய் லிங் அதை ஒன்றுக்கு ஒன்றாக மாற்றவில்லை. சக்கையை நல்லெண்ணெயில் சிவக்க வதக்கி, கோழியைப் புரட்டி, தண்ணீரே விடாமல் கள்ளை மட்டும் ஊற்றினார். வலுவுக்கு மஞ்சள் மதுவில் ஒரு சின்னக் கிண்ணம். அதில் உப்பு இருப்பதால் தனியாக உப்புப் போடவில்லை. புளிப்பை அடக்க ஒரு துண்டு கற்கண்டு. பகலில் தோற்றுப்போன பாட்டில் ஒன்றுக்கு இப்படி ஒரு வேலை கிடைத்தது. கொதி வந்ததும் காலையில் சுவரெல்லாம் வழிந்த அதே வாசம் மறுபடி எழுந்தது. அதன் அடியில் வேறொன்றும் இருந்தது, தென்னந்தோப்பு வாசம்.

ஏழு மணிக்கு மாமனார் வந்தார். ஒல்லியான, நெடிய மனிதர். இஸ்திரி போட்ட சட்டை, கையில் ஒரு பை ஆரஞ்சு. செருப்பைக் கழற்றி இரண்டையும் நேராக வைத்துவிட்டு உள்ளே வந்தார். மகளோடு ஹொக்கியன் என்ற பினாங்குச் சீன மொழியும் மருமகனோடு மலாயும் பேசினார். என்னைப் பார்த்துத் தமிழில் "வணக்கம்" என்றார். பேருந்து ஓட்டிய காலத்தில் கற்ற ஒரே தமிழ்ச் சொல் அதுதான் என்று மகள் சொன்னார். அவர் அதை மறுத்து, இன்னும் சில தெரியும், பெண்கள் முன்னால் சொல்லக்கூடாது என்றார்.

கிண்ணம் வைக்கப்பட்டது. சிவப்புச் சாறு, உடையாத சேமியா, கோழி, முட்டை. அவர் முதலில் சாற்றைத்தான் குடித்தார். குச்சிகளைக் கிண்ணத்தின் மேல் குறுக்கே வைத்தார். மெய் லிங் தன் கிண்ணத்தைத் தொடவே இல்லை.

"புக்கான் டியா பூஞா" என்றார். அவளுடையது இல்லை, இது தன் மனைவி போட்ட மது இல்லை என்று.

குணா எல்லாவற்றையும் சொல்லிவிட்டார். மூடி, இறுக்கியது, வெடித்தது, மூன்று சட்டி, பாலம், கள். மலாயில் வேகமாகச் சொன்னார். எனக்குப் பாதிதான் புரிந்தது. ஆனால் நடுவில் ஒரு தடவை கையால் மூடியைத் திருகிக் காட்டினார், அது புரிந்தது. மாமனார் அசையாமல் கேட்டார். முடிந்ததும் கிண்ணத்தை எடுத்து, சேமியாவை உடைக்காமல் இழுத்துச் சாப்பிட்டார். கோழியைச் சாப்பிட்டார். முட்டையைச் சாப்பிட்டார். சாற்றை அடிவரை குடித்தார். பிறகு காலிக் கிண்ணத்தை மருமகனிடம் நீட்டினார்.

"லாகி அடா?"

இன்னும் இருக்கா?

குணா எழுந்த வேகத்தில் நாற்காலி பின்னால் சாய்ந்தது. மெய் லிங் அப்போதுதான் சாப்பிடத் தொடங்கினார், அழுதுகொண்டே, அதே சமயம் சேமியா உடைகிறது என்று கணவரைத் திட்டிக்கொண்டே.

புறப்படும்போது மாமனார் சமையலறையில் மீதமிருந்த கள் பாட்டிலை மோந்து பார்த்து, அதைத் தான் கொண்டு போவதாகச் சொன்னார். குணா அவரைக் காரில் வீட்டுக்கு விடக் கிளம்பினார். ஈரமாகித் தொய்ந்த காகிதத்தை அவர் பாட்டில் வாயிலிருந்து எடுத்துப் போட்டதும், கை தானாக அலமாரியிலிருந்த ஒரு திருகு மூடிக்குப் போனது. மூன்று பேரும் ஒன்றாகக் கத்தினோம். மாமனார் குரல்தான் பெரியது.

"ஜாங்ஙான் கெத்தாட்!" இறுக்காதே.

காரில் அந்த மனிதர் பாட்டிலை முழங்கால்களுக்கு நடுவில் நிறுத்தி, வாயில் கட்டை விரலை வைத்துக்கொண்டு போனதை வாசலில் நின்று பார்த்தேன்.

ஞாயிற்றுக்கிழமை

காலைப் படகில் திரும்பினேன். ஜார்ஜ் டவுன் வந்த வரிசைக்கு நேர்மாறாகக் கரைந்தது. கூரைகள், கோபுரம், கடைசியில் மலை.

எங்கள் ஊரில் இறைச்சியில் மது ஊற்றும் வழக்கம் அனேகமாக இல்லை. தமிழ்நாட்டில் கள் இறக்கவே தடை. அதனால் இந்தச் சமையலை நான் வீட்டில் செய்து பார்க்க முடியாது. ஆனால் நான் ஒப்பிட்டு நினைத்துக்கொண்டு வந்தது வேறொன்றை. இறந்தவர் செய்த பலகாரத்தை வேறொருவர் செய்தால், எங்கள் வீடுகளில் முதல் வாயிலேயே "அதே கைமணம்" என்று சொல்லிவிடுவோம். சமைத்தவர் மனம் நோகக்கூடாதே என்று. சமைத்தவருக்கும் அது உண்மையில்லை என்று தெரியும். அந்த மேசையில் பெரியவர், அதே ருசி இல்லை என்பதை இல்லை என்றே சொன்னார். சொல்லிவிட்டு இன்னொரு கிண்ணம் கேட்டார். நான் இதுவரை கேட்ட எந்தப் பாராட்டும் இவ்வளவு தெளிவாக இருந்ததில்லை.

ரயில் ஈப்போவைத் தாண்டும்போது குணாவிடமிருந்து செய்தி வந்தது.

"பா போன் பண்ணாரு அக்கா. பாட்டில் காலியாம். அடுத்த சனிக்கிழமையும் சாப்பிட வரலாமான்னு கேக்கறாரு."